கத்தியும் கல்வியும்

கத்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்று தமிழர் இல்லங்களில் அச்சம் பிறக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன்னர் அதே சொல்லைக் கேட்டால் வேலை நினைவுக்கு வந்தது. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? மாணவர் பைகளைச் சோதித்து, கண்ட கத்தியைப் பறிமுதல் செய்து, அதோடு தன் கடமை முடிந்தது என்று கல்வியுலகம் அமைதி கொள்ளுமானால், அவ்வமைதி போலியானது. பறிப்பதற்குக் கை போதும். கற்பிப்பதற்கு அறிவு வேண்டும். எளிதானதைச் செய்துவிட்டு அரியதைக் கைவிட்ட குற்றத்திலிருந்து பள்ளியும் இல்லமும் தப்ப இயலாது.

வட சிலாங்கூரின் நிலையைப் பாருங்கள். சிற்றூர்ச் சந்தைகளிலும், அவற்றினும் பெரிய சந்தையாகிய கைப்பேசித் திரையிலும் மடக்குக் கத்திகள் மலிந்து கிடக்கின்றன. கறுப்புச் சாயம் பூசியவை, மண்டையோடு பொறித்தவை, விரல் பட்டதும் விருட்டென்று விரிபவை எனப் பலவகை. வாங்க நிற்கும் இளைஞனிடம், "தம்பி, இதைக் கொண்டு எதை அறுக்கப் போகிறாய்?" என்று கேட்டால் அவனிடம் விடை இராது. ஏனெனில் அவன் தேர்ந்தெடுத்தது கருவியை அன்று, ஒரு தோற்றத்தை. எந்தக் கத்தி நல்ல கத்தி என்று அவனுக்கு ஆசிரியரும் சொல்லவில்லை, தந்தையும் சொல்லவில்லை. சொன்னவர்கள் திரைப்படக் கதைத் தலைவனும் கடைக்காரனுமே.

இதன் விளைவு கற்பனையன்று. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினருள் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்ற கணக்கும் உடன் வந்தது. அந்த எண்ணைப் படித்துத் தலைகுனியாத தமிழாசிரியர் இருந்திருக்க முடியாது. ஆனால் தலைகுனிவு மட்டும் ஒருவனையும் திருத்தாது.

ஏட்டோடு பிறந்த கத்தி

மடக்குக் கத்தி தமிழர்க்குப் புதியதா? சுவடிகளை ஆய்ந்தோர் எழுத்தாணியை மூவகைப்படுத்துவர்: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. இவற்றுள் மடக்கெழுத்தாணி என்பது ஒரு கைப்பிடி; அதன் ஒருபுறம் எழுதும் ஊசி, மறுபுறம் ஓலையை வாரும் சிறு கத்தி; வேலை முடிந்ததும் இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கி அடங்கும். ஓலையை நறுக்கி அளவு செய்து, விளிம்பைச் சீர் செய்து, பின்னர் அதன்மேல் எழுதிய புலவர்க்குக் கத்தியும் எழுத்தும் ஒரே கருவியின் இரு முனைகளாக இருந்தன. திண்ணைப் பள்ளி ஆசிரியரின் கையில் நாள்தோறும் இருந்தது கத்தியே. அதைக் கண்டு எந்த மாணவனும் அஞ்சவில்லை.

மேலை நாட்டிலும் இதே வரலாறுதான். 'பேனாக்கத்தி' என்னும் சொல்லைத் தமிழர் அன்றாடம் வழங்குகின்றனர். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று எண்ணுவதில்லை. பறவை இறகைச் சீவி முனை செய்து எழுதிய காலத்தில், அந்த முனையைத் தீட்டுவதற்கென்றே வைத்திருந்த சிறு கத்தி அது. ஆக, கிழக்கிலும் மேற்கிலும் எழுதுவோன் கையில் ஒரு சிறு கத்தி இருந்தது. அதன் வேலை எழுத்துக்குப் பணி செய்வது. அந்த உறவை மறந்த சமுதாயம் இன்று கத்தியைக் கல்வியின் பகையாகக் காண்கிறது.

ஒரு மில்லிமீட்டர்க் கல்வி

சுவடிக் காலத்தை விடுவோம், தோட்டத்துக்கு வருவோம். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழர் வாழ்வு எழும்பியதே கத்தி முனையில்தான். அது போர்க்கத்தியன்று, பால்மரம் சீவும் உளி.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கின் ஒளியில் நிரையில் இறங்கிய தொழிலாளியின் கையில் இருந்த திறன் எத்தகையது? மரத்தின் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சாய்வில் வெட்டு அமைய வேண்டும். பட்டையில் பால்குழாய்கள் சற்றே சாய்ந்திருப்பதால் அச்சாய்வில்தான் மிகுதியானவை அறுபடும். ஒரு முறைக்குச் சீவ வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே மரத்தின் வளர்ச்சிக்கு உயிரான மென்படலம் இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவு முன்பாகவே உளி நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும்; மிகுந்தால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை மேடுபள்ளமாக வளர்ந்து, பின்னாளில் சீவ முடியாமற் போகும். இதை அளந்து காட்ட அளவுகோல் கிடையாது. மணிக்கட்டே அளவுகோல். எழுத்தறியாத தாய்மார்கள் ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த நுட்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினர். அவர்களைக் கல்லாதவர் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, அதனை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. பின்னர் ரப்பர் மரங்கள் சாயச் சாயச் செம்பனை பரவியது. உளி பிடித்த கை, நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. தலைக்குமேல் நிற்கும் குலை பழுத்துவிட்டதா என்பதை உதிர்ந்து கிடக்கும் கனிகளைப் பார்த்து அறிந்து, மட்டையை அறுத்து, குலை தன்மீது விழாத இடத்தில் கால் ஊன்றி நிற்பதும் ஒரு கல்வியே.

இப்பெருங் கருவிகளோடு, தோட்டத்துப் பெரியவர்களின் இடுப்பிலோ வெற்றிலைப் பையிலோ ஒரு சிறு மடக்குக் கத்தியும் இருந்தது. பாக்கைச் சீவ, உரமூட்டையின் நூலை அறுக்க, மிதிவண்டிக் குழாய்க்கு ஒட்டு நறுக்க, பேரனுக்குப் பென்சில் சீவ, கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணம் கிழிக்க அது பயன்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது அந்தச் சிறு கத்தி மறைந்தது. வேலை போயிற்று, வேலையோடு கத்தியின் பொருளும் போயிற்று. பொருள் இழந்த கத்திக்குள் வெறி குடிபுகுந்தது. வீடு வெறுமையானால் பேய் குடியேறும் என்பது பழமொழி மட்டுமா?

அவ்வை கண்ட இரு படைக்கலங்கள்

கத்தியைத் தேர்வது பற்றித் தமிழில் ஒரு பாடம் ஏற்கெனவே இருக்கிறது. புறநானூற்றின் 95ஆம் பாட்டை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் அரியர். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவ்வையார்க்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவலில் வைத்த ஆயுதங்கள். அதியமானின் வேல்களோ முனை முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாக அவ்வையார் கூறுகிறார். புகழ்வது போல் இகழ்ந்த அவ்வுரையை இலக்கணச் சான்றாக மட்டும் படித்துவிட்டு வாளா இருந்தால் போதுமா?

வேலை செய்யும் கருவி தேயும், பழுது படும், பட்டறைக்குப் போகும். வேலை செய்யாத கருவியே மின்னிக் கொண்டிருக்கும். சந்தையில் மின்னும் மண்டையோட்டுக் கத்தி தொண்டைமானின் மயிற்பீலி வேலேயன்றி வேறன்று. பாட்டனின் வெற்றிலைப் பையில் கிடந்து, தீட்டித் தீட்டி அலகு பாதியான கத்தியே அதியமான் வழி வந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டில் மதிப்பெண் வாங்கிய மாணவன், இரண்டு கத்திகளுள் எது சிறந்தது என்று அறியாது நிற்பானாயின் அவன் அப்பாட்டைப் படித்தவன் ஆகான்.

பறித்தால் போதுமா?

"கத்தி வேண்டவே வேண்டா, குழந்தை கையில் கூர்மையான எதுவும் கூடாது" என்பார் உளர். இக்கொள்கையை ஒரு நாடு செய்து பார்த்தது. ஜப்பானில் 'ஹிகோனோகாமி' என்றொரு எளிய மடக்குக் கத்தி உண்டு. மிக்கி நகரக் கொல்லர்கள் செய்தது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவவும் மூங்கிலில் விளையாட்டுப் பொருள் செய்யவும் பயன்படுத்தியது. 1960 அக்டோபர் 12 அன்று தோக்கியோவின் ஹிபியா மண்டபத்தில் சோசலிசக் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவை 17 வயது இளைஞன் ஒருவன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அவன் பயன்படுத்தியது குறுவாள், பென்சில் கத்தியன்று. எனினும் நாடெங்கும் பிள்ளைகளிடம் கத்தி கொடாதே என்னும் இயக்கம் எழுந்தது. பென்சில் சீவும் கத்திகள் பறிபோயின. பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடின. பல பட்டறைகள் இருந்த தொழிலில் இறுதியில் ஒன்றே அப்பெயரைக் காத்து நின்றது. பின்னர் அந்நாட்டுப் பெரியோர்களே, எங்கள் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவத் தெரியவில்லையே என்று வருந்தினர். நாகனோ மாநிலத்தில் இக்கெடா என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளி ஒன்று, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதே கத்தியைக் கொடுத்து, அதைப் பழக்கும் வழியை மேற்கொண்டது.

மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய கதையை ஜப்பானியர் அறிந்துகொண்டனர். தமிழர் கற்றுக்கொள்ள இன்னொரு வீடு எரிய வேண்டுமா?

சட்டம் கேட்கும் வினா

எனினும் இந்நாட்டுச் சட்டத்தை மறந்து எவரும் பேசுதல் ஆகாது. 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதச் சட்டம், பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. சட்டப்படியான அதிகாரமோ நேர்மையான நோக்கமோ இருந்தாலன்றி அதிலிருந்து விலக்கில்லை. ஆயுதமாகப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக் கூடிய எந்தக் கருவியும் அவ்வகையுள் அடங்கும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு விலக்கு அளித்தது. அவ்விலக்கைக் காட்டி இங்கே எவரும் ஆறுதல் கொள்ள வேண்டா. 'சிறியதுதானே' என்பது இந்நாட்டில் விடையாகாது.

சட்டம் கேட்கும் வினா யாது? 'எவ்வளவு நீளம்?' என்பதன்று, 'எதற்காக?' என்பது. அவ்வையார் கேட்டதும் அதுவே. சந்தையில் நிற்கும் இளைஞனிடம் கேட்க வேண்டியதும் அதுவே. தோட்டத்தில் வேலை செய்பவனுக்கும், பழக்கடை வைத்திருப்பவனுக்கும், மின்கம்பி பழுது பார்ப்பவனுக்கும் விடை உண்டு. வேலையிடத்துக்கு எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் கருவிப் பெட்டியில் வைத்துத் திரும்புவது அவர்க்கு இயல்பு. இரவில் நண்பரோடு உணவுக்கடையில் அமர்ந்திருப்பவனுக்கு விடை இல்லை. விடை இல்லாதவன் கத்தி சுமத்தல் கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

தேர்வது எங்ஙனம்?

வேலை உடையவன் எத்தகைய மடக்குக் கத்தியைத் தேர்வது? இங்கே சில அளவுகோல்களைத் தெளிவாக வகுத்தல் தகும்.

முதலாவது, அலகின் நீளம். உள்ளங்கையின் அகலத்துக்கு மேற்படுதல் வேண்டா. ஆறு, ஏழு சென்டிமீட்டர் அன்றாட வேலைக்கெல்லாம் போதும். அதற்கு மேல் வேண்டிய வேலைக்குப் பாராங்கும் அரிவாளும் இருக்கின்றன. அவை சட்டைப்பையில் இருக்க வேண்டியவை அல்ல.

இரண்டாவது, திறக்கும் முறை. அலகின் மேற்பகுதியில் நகம் பதியும் பள்ளம் இருக்க, இரு கையாலும் நிதானமாகத் திறப்பதே நல்ல கத்தி. வில்விசையால் பாய்ந்து விரிவது வேலைக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. பார்ப்பவரை மிரட்டுவதொன்றே அதன் தொழில்.

மூன்றாவது, முனை. குத்தும் கூர்முனை வேண்டியவர் சிலரே. முதுகு வளைந்து இறங்கி, விளிம்பு நேராக நிற்கும் மழுங்குமுனைக் கத்தி, நூல் அறுக்கவும் ஓலை கிழிக்கவும் பென்சில் சீவவும் மிக ஏற்றது. கற்கும் பிள்ளைக்கு அதுவே உரியது.

நான்காவது, இரும்பு. கோலசிலாங்கூரின் கடற்காற்றில் கரிமம் மிகுந்த எஃகு விரைவில் துருப்பிடிக்கும்; எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுக்கும். ஆனால் சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே விரைவாகக் கூர் ஏறும். துருப்பிடியா எஃகு பொறுமை உடையது. தீட்டுவதற்குச் சற்று நேரம் கேட்கும். நாள்தோறும் துடைத்து எண்ணெய் இடும் பழக்கம் உள்ளவன் முன்னதைத் தேரலாம். ஏனையோர் பின்னதைத் தேர்வதே அறிவுடைமை.

ஐந்தாவது, பிடியும் கீலும். வியர்த்த கையில் வழுக்காத பிடி வேண்டும். மரப்பிடி கைக்கு இதம். எனினும் நம் ஈரக்காற்றில் உப்பி, அலகை இறுக்கிவிடக் கூடும். வாங்குமுன் அலகைத் திறந்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். ஆடும் கீல், நாளை விரலை வெட்டும் கீல். பிரெஞ்சு நாட்டுச் சவோய் உழவர்க்காக 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்த கத்தி புகழ்பெற்றது அதன் எளிமையால். 1955இல் அதற்கு ஒரு வளையப் பூட்டுச் சேர்த்ததும், திறந்த அலகு மடங்கி உழைப்பவன் விரலைக் காயப்படுத்தாதிருக்கவே.

இறுதியாக, தீட்டத் தெரியாதவன் கத்தி வாங்குதல் வீண். மழுங்கிய கத்திக்கு வலிமை வேண்டும். வலிமை மிகுந்த இடத்தில் கை நழுவும். நழுவிய இடத்தில் குருதி வரும். கூரான கத்தி சொன்ன இடத்தில் சொன்ன அளவு செல்லும். கூர்மையே பாதுகாப்பு என்பதைத் தொழில் அறிந்தோர் அறிவர்.

தற்காப்பு என்னும் மயக்கம்

"இவையெல்லாம் சரி, ஆனால் தற்காப்புக்கு ஒரு கத்தி வேண்டாவா?" என்று கேட்பாரும் உளர். இவ்வாதம் எத்தனை இளைஞரைச் சிறைக்கும் சுடுகாட்டுக்கும் அனுப்பியது! சட்டைப்பையில் கத்தி உள்ளவன் ஓடித் தப்பக்கூடிய இடத்தில் நின்றுவிடுகிறான். வாயால் முடியக்கூடிய சண்டையைக் கையால் முடிக்க எண்ணுகிறான். மேலும், மடக்குக் கத்தி தன் அமைப்பாலேயே ஆயுதத்துக்குத் தகுதியற்றது. பூட்டில்லாத அலகு, குத்தும் வேகத்தில் பின்னோக்கி மடங்கிப் பிடித்தவன் விரலையே அறுக்கும்.

சுவிட்சர்லாந்து இராணுவம் தன் வீரர்க்கு 1891இல் ஒரு மடக்குக் கத்தி வழங்கத் தொடங்கியது. அதில் என்ன இருந்தது? ஓர் அலகு, துளையிடும் ஊசி, உணவு டின்னைத் திறக்கும் கருவி, திருகாணி முடுக்கி. போர் செய்வதையே தொழிலாகக் கொண்டவனுக்கும் சட்டைப்பைக் கத்தி தந்தது உணவு உண்ணவும் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவுமே. படைவீரனுக்கே மடக்குக் கத்தி கருவியாக இருக்கையில், பள்ளியை விட்டு வந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் அஃது ஆயுதமாக வேண்டுமா?

பள்ளி செய்ய வேண்டுவது

பள்ளிக்கு மாணவன் கத்தி கொண்டு வருதல் கூடாது என்னும் விதி சரியானதே. அதை மீறச் சொல்வார் எவருமிலர். ஆனால் பள்ளியின் பூட்டிய அலமாரியில் எண்ணி வைத்த மழுங்குமுனைக் கத்திகள் இருக்கலாம். ஆசிரியர் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கலாம். காட்சிக்கலைக்கும், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்துக்கும் கலைத்திட்டத்தில் இடம் தரப்பட்டது. அவ்வேளையில் ஒட்டுத்தாளும் பசையும் மட்டும் போதும் என்று எவர் விதித்தார்? குருத்தோலையில் கிளி செய்ய, மூங்கிலில் புல்லாங்குழல் துளையிட, பனை ஓலையை நறுக்கி எழுத்தாணியால் தன் பெயரை எழுதிப் பார்க்க ஒரு மாணவனுக்கு வாய்ப்புக் கிட்டுமானால், அவன் கத்தியை மட்டுமா கற்கிறான்? கத்தியை நீட்டும்போது பிடியை எதிரில் இருப்பவர்க்குக் காட்டி நீட்ட வேண்டும் என்னும் பண்பையும் கற்கிறான்; தன் உடலுக்கு அப்பால் சீவ வேண்டும் என்னும் எச்சரிக்கையையும் கற்கிறான்; வேலை முடிந்ததும் மடக்க வேண்டும் என்னும் அடக்கத்தையும் கற்கிறான்.

இது நகரத்து வசதிப் பள்ளிகளுக்கு உரிய ஆடம்பரம் என்று சொல்வாரும் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறு. ஓலையும் மூங்கிலும் தோட்டத்துப் பள்ளிக்கு அருகில்தான் கிடைக்கின்றன. உளி பிடித்த பாட்டியும், அரிவாள் பிடித்த தந்தையும் அங்கேதான் இருக்கின்றனர். ஒரு நாள் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, வகுப்பின் முன் நிறுத்தி, பட்டையைச் சீவிக் காட்டச் சொல்லலாமே! தன் பாட்டியின் மணிக்கட்டு ஒரு மில்லிமீட்டரை அறிந்திருந்தது என்று காணும் பேரன், கத்தியால் பெறும் மதிப்பு எது என்று அறிவான். அவனுக்கு மண்டையோட்டுக் கத்தி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். அவன் கையிலிருந்து அதைப் பறிக்க வேண்டிய தேவையே எழாது.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே! சட்டைப்பையில் கத்தி வைப்பதா என்பது இரண்டாவது வினா. கையில் வேலை இருக்கிறதா என்பதே முதல் வினா. முதல் வினாவுக்கு விடை உள்ளவனுக்கு எத்தகைய கத்தி வேண்டும் என்பதை வேலையே சொல்லிவிடும். விடை இல்லாதவனுக்கு எந்தக் கத்தியும் தீய கத்தியே. பிள்ளைகளிடமிருந்து கத்தியைப் பறிக்கும் கை, அவர்களுக்கு ஒரு வேலையையும் கொடுக்கக் கடவது.